மிஞ்சிய விமானங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

நான் விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். தாம்பரத்தில் தொழில் படித்தேன். நேட், ஹண்டர், மிக்-21 என்று மூன்று வகை விமானங்களின் எண்ணெய்க் கறை என் நகக்கண்ணில் ஏறி இறங்கியிருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தில்லிக்குக் கிளம்பினால், "பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் எதைப் பார்க்கணும், தாத்தா?" என்று கேட்டு வருவார்கள். போய் வந்ததும் கைபேசியை நீட்டுவார்கள். எல்லாப் படத்திலும் அவர்கள் முகம் தெரியும், பின்னால் ஏதோ ஒரு விமானத்தின் மூக்கு தெரியும். அது என்ன விமானம் என்று கேட்டால் விழிப்பார்கள். இனிமேல் போகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாலம் அருங்காட்சியகம் விமானப்படையின் தளத்தை ஒட்டி இருக்கிறது. வார நாள்களில் விடுமுறை உண்டு. பொதுவாகத் திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். பாதுகாப்புக் காரணமாகவோ, விழா ஏற்பாட்டுக்காகவோ மற்ற நாள்களிலும் மூடலாம். முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்பதை வாசலிலேயே கேளுங்கள். சொன்னதை மீறாதீர்கள், அது படைத்தளம். பெரிய விமானங்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. தில்லியின் மே, ஜூன் வெயிலில் அவற்றைச் சுற்றி வந்து பார்க்கிற பொறுமை யாருக்கும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையிலோ மாசியிலோ போனால் நின்று பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று டாக்சியைக் காக்க வைக்காதீர்கள்.

2. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

"இது எவ்வளவு வேகம் போகும்?" என்ற கேள்விக்குப் பலகையிலேயே பதில் இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது, "இது மட்டும் ஏன் மிஞ்சியது?" என்பது. போர் விமானங்களை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் செய்தார்கள். சில விழுந்தன. சில சுடப்பட்டன. மற்றவை வயதானதும் உடைக்கப்பட்டு, உருக்கப்பட்டுப் பழைய உலோகமாகப் போயின. அதுதான் விமானத்தின் இயல்பான முடிவு. அருங்காட்சியகத்தில் நிற்கிற ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரணத்தால் அந்த முடிவிலிருந்து தப்பியது. யாரோ ஒருவர் அக்கறைப்பட்டிருப்பார். அல்லது யாருமே கவனிக்காமல் ஒரு மூலையில் கிடந்திருக்கும். அல்லது வேறு நாட்டோடு பண்டமாற்றில் வந்திருக்கும். காரணத்தைத் தேடினால் பின்னாலேயே மனிதர்கள் வருவார்கள்.

3. படங்கள் மாட்டிய கூடத்தைத் தாண்டி ஓடாதீர்கள்.

பிள்ளைகள் விமானங்களைப் பார்த்ததும் பழைய புகைப்படங்களையும் சீருடைகளையும் விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-ஆம் தேதி சட்டப்படி பிறந்தது. முதல் விமானப் பிரிவு 1933 ஏப்ரல் 1-ஆம் தேதி கராச்சியின் டிரிக் ரோடில் உருவானது. பிரிட்டனில் பயிற்சி பெற்ற 6 அதிகாரிகள், 19 ஹவாய் சிபாய்கள் என்கிற தரைப்பணியாளர்கள், 4 வாபிடி விமானங்கள். அவ்வளவுதான் படை. அந்த ஆறு பேரில் சுப்ரதோ முகர்ஜி பிற்காலத்தில் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி ஆனார். அவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். நாலு விமானத்துக்கு 19 சிபாய்கள். பறப்பவர்களைவிடத் தரையில் நிற்பவர்கள் அதிகம் என்பது முதல் நாளே தீர்மானமான விஷயம். பழைய குழுப் படங்களில் பின்வரிசையில் நிற்கிறவர்களின் முகங்களையும் ஒருமுறை பாருங்கள்.

4. வாபிடியின் முன் அவசரப்படாதீர்கள்.

வெஸ்ட்லேண்ட் வாபிடி இரட்டை அடுக்கு இறக்கை கொண்ட விமானம். திறந்த இருக்கைகள், மூக்கில் நட்சத்திரம்போல் விரிந்த ஒன்பது சிலிண்டர் ஜூபிடர் எஞ்சின். உலகில் முழு உருவத்தில் எஞ்சியிருக்கும் வாபிடி இது ஒன்றுதான் என்று சொல்வார்கள். பக்கத்தில் ஜெட் விமானங்கள் நிற்பதால் இது பொம்மைபோலத் தோன்றும். ஏமாறாதீர்கள். முதல் உலகப் போர்க்காலத்து டிஎச்-9ஏ விமானத்தின் உதிரிப் பாகங்கள் பிரிட்டிஷ் படையின் கிடங்குகளில் ஏராளமாகத் தேங்கிக் கிடந்தன. அவற்றைக் கூடுமானவரை பயன்படுத்துகிற மாதிரி புது விமானம் வேண்டும் என்று கேட்டு வாங்கியதுதான் வாபிடி. இறக்கைகளைக்கூட அந்தப் பழைய விமானத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். சிக்கனத்தில் பிறந்த இந்த விமானம்தான் வடமேற்கு எல்லையின் மலைகளில் நம் முதல் விமானிகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது.

5. எதனால் செய்தது என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால் பாலத்தில் படிக்க வேண்டிய முதல் பாடம் இது. வாபிடியில் உள்ளே உலோகச் சட்டம், மேலே துணி. துணியை இழுத்துக் கட்டி, டோப் என்கிற ஒருவகை அரக்குப் பூசி விறைக்க வைப்பார்கள். அடுத்து ஹரிக்கேனிடம் வாருங்கள். 1944-இல் இம்பால் போர்முனையில் அர்ஜன் சிங் தலைமையில் 1-ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டியது இந்த வகையைத்தான். அதன் பின்பாதியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது தோலுக்கு அடியில் நீளவாக்கில் வரிவரியாகத் தெரியும். அது துணி. பக்கத்தில் ஸ்பிட்ஃபயரைப் பாருங்கள், அது உலோகத் தோல். ஒரே போரில் சண்டையிட்ட இரண்டு விமானங்கள். ஒன்று பழைய தொழிலின் கடைசி அத்தியாயம், மற்றது புதுத் தொழிலின் தொடக்கம். துணியில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போட்டு அனுப்பிவிடலாம். உலோகத் தோலுக்கு ரிவெட் அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

அங்கிருந்து வாம்பயரிடம் போங்கள். 1948-இல் நம் படைக்கு வந்த முதல் ஜெட் அது. ஜெட் என்றதும் முழுக்க உலோகம் என்று நினைப்பீர்கள். விமானி உட்காரும் முன்பகுதி மரம்! ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டிச் செய்தது. கடைசியாக மிக்-25-ஐப் பாருங்கள். ஒலியைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும்போது காற்றின் உரசலில் அலுமினியம் பலம் இழந்துவிடும் என்பதால், அதன் உடலில் பெரும்பகுதியை எஃகில் பற்றவைத்துச் செய்தார்கள். 1981-இல் வந்தது, 2006 வரை உயரத்திலிருந்து படம் எடுக்கும் வேலை பார்த்தது. துணி, மரம், அலுமினியம், எஃகு. அரைநாள் நடையில் அரை நூற்றாண்டின் தொழில்வரலாறு கண்முன் வந்துவிடும்.

6. ஓர் எஞ்சினைப் பின்தொடருங்கள்.

நேட் விமானத்தைப் பார்த்ததும் "இவ்வளவு சின்னதா?" என்பீர்கள். நீளம் சுமார் 9 மீட்டர், இறக்கை முனைக்கு முனை 7 மீட்டர்கூட இல்லை. உள்ளே ஒரே ஒரு ஆர்ஃபியஸ் எஞ்சின், சுமார் 2 டன் உந்துவிசை. பறப்பவருக்கு அது செல்லப்பிள்ளை. வேலை பார்ப்பவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. கையை நுழைத்தால் கை மட்டுமே நுழையும், சாவியைச் சுழற்ற இடம் இருக்காது. நேட்டில் வேலை பார்த்தவர்களின் முழங்கையைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது எச்.எஃப்-24 மருத்திடம் போங்கள். நாமே செய்த போர் விமானம். ஜெர்மனியில் ஃபோக்கவுல்ஃப் 190-ஐ வடிவமைத்த குர்ட் டாங்க், பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனத்தில் நம் பொறியாளர்களோடு உட்கார்ந்து உருவாக்கியது. 1961 ஜூன் 17-ஆம் தேதி சுரஞ்சன் தாஸ் முதன்முதலில் பறக்கவிட்டார். இதற்குள்ளும் அதே ஆர்ஃபியஸ் குடும்பம்தான், ஆனால் இரண்டு. நேட் ஒலியின் வேகத்துக்கு உட்பட்டுப் பறக்கப் பிறந்தது, அதற்கு ஓர் ஆர்ஃபியஸ் தாராளம். மருத்தை ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தை மனதில் வைத்து வரைந்தார்கள். அதற்கென்று நம்பியிருந்த வலுவான ஆர்ஃபியஸ் 12 எஞ்சின் கைக்கு வரவே இல்லை. கிடைத்ததைப் போட்டுப் பறந்தார்கள். உடலமைப்பைப் பலரும் பாராட்டினார்கள். எஞ்சினால் குறைப்பட்ட நல்ல விமானம் அது. இருந்தும் 147 மருத்துகள் செய்யப்பட்டன, 1971-இல் ராஜஸ்தான் முனையில் தாக்குதலுக்குப் போயின. வலுவான எஞ்சினைத் தேடும் முயற்சி அதற்கு முன்பே ஓர் உயிரைக் கேட்டிருந்தது. 1970-இல் மேம்படுத்தப்பட்ட மருத் ஒன்றைச் சோதித்தபோது சுரஞ்சன் தாஸ் இறந்தார். இரண்டு விமானங்களுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்று மாறி மாறிப் பாருங்கள். விமானம் செய்வதில் எது கடினம் என்று யாரும் விளக்காமலே புரியும். நம் நாடு இன்றுவரை போராடுவதும் எஞ்சினோடுதான்.

7. லிபரேட்டரின் கதையைத் தெரிந்துகொண்டு அதன் அருகே போங்கள்.

பி-24 லிபரேட்டர், நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் 18,000-க்கும் மேல் செய்தது. அவ்வளவு எண்ணிக்கையில் செய்த விமானம் இன்று உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறது. போர் முடிந்ததும் கான்பூரில் நின்ற லிபரேட்டர்களை, இனி யாரும் பறக்கக் கூடாது என்று சேதப்படுத்திப் போட்டுவிட்டார்கள். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டுக்கு குண்டுவீச்சு விமானம் தேவை, வாங்கப் பணம் இல்லை. எச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குவியலுக்குள் இறங்கினார்கள். இதன் பாகத்தை அதற்கு, அதன் பாகத்தை இதற்கு என்று மாற்றி, ஒருவழியாகப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிப்போனார். அங்கே முழுதாகச் செப்பனிட்டு, 1948-இல் 5-ஆம் ஸ்குவாட்ரனுக்குக் கொடுத்தார்கள். 1968 வரை இந்தியாவில் லிபரேட்டர் பறந்தது. உலகத்திலேயே கடைசியாக அதைப் படைவிமானமாக வைத்திருந்தது நாம்தான்.

இதைக் கேள்விப்பட்டதும் வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் வரிசையில் வந்தன. பிரிட்டனிலும் கனடாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இன்று காட்சியில் நிற்கும் லிபரேட்டர்கள் நம்மிடமிருந்து போனவை. கனடா ஒன்றை எடுத்துக்கொண்டு, ஈடாக ஒரு லைசாண்டர் கொடுத்தது. அதையும் பாலத்தில் பாருங்கள். 1942-இல் பர்மா போரில், வேவு பார்க்கச் செய்த அந்த மெதுவான விமானத்தில் குண்டுகளைக் கட்டிக்கொண்டு நம் விமானி மஜும்தார் ஜப்பானியத் தளத்தைத் தாக்கினார். நம்மிடம் லைசாண்டர் மிஞ்சவில்லை, அவர்களிடம் லிபரேட்டர் மிஞ்சவில்லை. பண்டமாற்றில் இரண்டும் பிழைத்தன. அரும்பொருளாகட்டும் என்று நினைத்து கான்பூரில் யாரும் ஸ்பானரைப் பிடிக்கவில்லை. வேறு வழியில்லாததால் பழுதுபார்த்தார்கள். அந்த வறுமையும் கைத்திறனும் சேர்ந்துதான் உலகத்துக்கு இந்த விமானத்தை மிச்சம் வைத்தன.

8. குனிந்து பாருங்கள்.

எல்லாரும் மூக்கையும் காக்பிட்டையும் பார்ப்பார்கள். தொழில் தெரிந்தவர்கள் வயிற்றைப் பார்ப்பார்கள். ஹண்டரின் அடியில் குனிந்து, விமானி உட்காரும் இடத்துக்குப் பின்னால் பாருங்கள். நாலு 30 மில்லிமீட்டர் பீரங்கிகளும் குண்டுகளும் ஒரே பெட்டியாக அங்கே மாட்டியிருக்கும். விமானம் சுட்டுத் தீர்த்துத் தரையிறங்கியதும் காலிப் பெட்டியை அப்படியே இறக்கி, நிரப்பிய பெட்டியை ஏற்றிவிடுவோம். பீரங்கிக் குழாய்கள் மட்டும் விமானத்திலேயே இருக்கும். 1971 டிசம்பர் 5-ஆம் தேதி லோங்கேவாலாவில் எதிரி டாங்குகள் மீது ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர்கள் திரும்பத் திரும்பப் போய் வந்த கதையைப் படித்திருப்பீர்கள். திரும்பத் திரும்பப் போக முடிந்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் பெட்டி. மீதிப் பாதி அதை மாற்றிய கைகள்.

குனிந்தது போதும், பாக்கெட் சரக்கு விமானத்தின் அருகே வந்ததும் நிமிருங்கள். இரண்டு விசிறி எஞ்சின்கள் போதாமல் அதன் முதுகின் மேல் ஒரு ஜெட் எஞ்சினை ஏற்றியிருந்தார்கள். லடாக்கில் காற்று மெலிந்த உயரங்களிலிருந்து கிளம்பக் கண்டுபிடித்த வழி அது. 1962-இல் தௌலத் பேக் ஓல்டியில் இறங்கியது இந்த வகை விமானம்தான்.

9. தழும்பைத் தேடுங்கள்.

பளபளவென்று வண்ணம் பூசிய விமானம் அதிகம் பேசாது. ஒட்டுப்போட்ட இடம், நிறம் மாறிய பேனல், தேய்ந்த கால்மிதி, இவையெல்லாம் பேசும். 1971 போரில் பின்பக்கத்தில் ஏவுகணை தாக்கிய பிறகும் தளம் திரும்பிய சுகோய்-7 ஒன்றின் வால்பகுதியை வைத்திருக்கிறார்கள். கிழிந்து, பிய்ந்து, கருகிய உலோகம். முழு விமானங்களுக்கு நடுவே இந்தத் துண்டைக் கடந்து போய்விடுவது சுலபம். போகாதீர்கள். அப்படி ஒன்று ஓடுபாதையில் வந்து இறங்கும்போது அதைப் பிடித்து நிறுத்தக் காத்திருக்கிறவர்களின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

10. வட்டத்தையும் எண்ணையும் படிக்கப் பழகுங்கள்.

இறக்கையில் இருக்கும் வட்டம் காலத்தைச் சொல்லும். பர்மா போரின்போது வட்டத்திலிருந்த சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானிய விமானத்தின் சிவப்புச் சூரியன் என்று நினைத்து நம் ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. சுதந்திரத்துக்குப் பிறகு 1950 வரை அசோகச் சக்கரம் இருந்தது. அதன்பின் காவி, வெள்ளை, பச்சை வளையங்கள்.

எண்ணை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அருங்காட்சியகங்களும் படைகளும் ஒரு விமானத்துக்கு வேறொரு விமானத்தின் எண்ணை மரியாதைக்காகப் பூசுவது உண்டு. 1947 அக்டோபர் 27-ஆம் தேதி ஸ்ரீநகரில் 1-ஆம் சீக்கியப் படைப்பிரிவை இறக்கிய டகோட்டாக்களில் ஒன்றின் எண் விபி905. இன்று விமானப்படை நாளில் 'பரசுராமா' என்ற பெயரோடு பறக்கும் டகோட்டாவும் விபி905தான். அது 2018-இல் படைக்குப் பரிசாக வந்த வேறு விமானம், நினைவுக்காக அந்த எண்ணைச் சூட்டினார்கள். தப்பில்லை, தெரிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

11. பலகையோடு படிப்பை நிறுத்தாதீர்கள்.

மிஸ்டேர் விமானத்தின் முன் நிற்கும்போது ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா, குடகு நாட்டுக்காரர். 1965 செப்டம்பர் 7-ஆம் தேதி பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப் போனவர் திரும்பவில்லை. காணாமல் போனவர் கணக்கில் சேர்ந்தார். தன்னைவிட மிக வேகமான எஃப்-104 விமானம் ஒன்றைத் தன் பழைய மிஸ்டேரில் எதிர்த்து வீழ்த்திவிட்டு அவர் மாண்டது, எதிர்த் தரப்பின் போரைப் பற்றி வெளிநாட்டவர் ஒருவர் எழுதிய புத்தகம் வந்த பிறகே இங்கே தெரிந்தது. மகாவீர் சக்கரம் 1988-இல்தான் கிடைத்தது. 23 ஆண்டுகள் ஒரு பலகையிலும் அந்தக் கதை கிடையாது.

நேட்டின் முன்னும் இதை மறக்காதீர்கள். 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகர் வானில் தனியாக நின்று பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு சண்டையிட்டு மாண்ட நிர்மல் ஜித் சிங் சேகோன், விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே ஆள். அவர் ஓட்டியது நேட். கராச்சி அருங்காட்சியகத்திலும் ஒரு நேட் நிற்கிறது. 1965-இல் அவர்கள் மண்ணில் இறங்கிப் பிடிபட்டது. ஒரே வகை விமானம், இங்கே ஒரு கதை, அங்கே ஒரு கதை. நம் விமானிகளைப் பற்றிப் பெருமைப்படுங்கள். எதிரே வந்தவர்களும் தொழில் தெரிந்த ஆட்கள்தான் என்பதையும் மனதில் வையுங்கள். எதிரியைச் சிறுமைப்படுத்தினால், அவனோடு மோதி மாண்ட நம் ஆளையும் சேர்த்துத்தான் சிறுமைப்படுத்துகிறோம்.

12. ஓகாவின் முன் சிரித்துப் படம் எடுக்காதீர்கள்.

ஜப்பானின் ஓகா, பார்க்கக் குட்டி விமானம். மூக்கில் 1,200 கிலோ வெடிமருந்து, பின்னால் ராக்கெட்டுகள், நடுவில் ஓர் இளைஞன். பெரிய விமானத்தின் வயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டுபோய்க் கப்பல்கள் மீது ஏவுவார்கள். கீழே குனிந்து பாருங்கள், சக்கரம் இருக்காது. போன விமானம் திரும்பி வர வேண்டும் என்பதற்காகவே எங்கள் தொழில் இருக்கிறது. திரும்பி வரவே வேண்டாம் என்று முடிவுசெய்து ஒருவர் உட்கார்ந்து இதை வரைந்திருக்கிறார். இரண்டாவது அறிவுரையில் சொன்ன கேள்வியை இங்கேயும் கேளுங்கள். இது மிஞ்சியது என்றால், இது ஏவப்படவில்லை என்று அர்த்தம்.

13. தொடாதீர்கள்.

உள்ளங்கை வியர்வையில் உப்பு இருக்கிறது. ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது. வருகிற எல்லாரும் தொட்டால் வண்ணம் போகும், உலோகம் அரிக்கும். துணியில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பதைப்போல் கெடுதல் வேறில்லை. காக்பிட்டுக்குள் ஏற அனுமதித்தாலும், பழங்கால விமானத்தின் கருவி முகப்புகளைச் சுரண்டாதீர்கள். இருட்டில் ஒளிர அந்தக் காலத்தில் ரேடியம் கலந்த பூச்சைத் தடவியிருப்பார்கள். ஒளி மங்கியிருக்கும், ரேடியம் மங்கியிருக்காது.

14. இன்று மலிவாகத் தெரிவதை இன்றே பாருங்கள்.

மிக்-21-ஐ யாரும் நின்று பார்ப்பதில்லை. ஊருக்கு ஊர் தூணில் ஏற்றி வைத்திருக்கிறார்களே என்பார்கள். 1963-இல் வந்து, 800-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்ற விமானம் அது. லிபரேட்டரும் ஒரு காலத்தில் எங்கே திரும்பினாலும் நின்ற விமானம்தான். தூணில் நிற்பவை வெயிலிலும் மழையிலும் உள்ளே அரித்துக்கொண்டிருக்கின்றன. இதில் வேலை பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம், கேட்டால் சொல்லுவோம்.

15. தில்லி தூரம் என்றால் பக்கத்தில் தொடங்குங்கள்.

பெங்களூரில் எச்.ஏ.எல். பாரம்பரிய அருங்காட்சியகத்தில் மருத் இருக்கிறது. கோவாவில் வாஸ்கோ அருகே கடற்படை விமான அருங்காட்சியகத்தில் சூப்பர் கான்ஸ்டலேஷன் நிற்கிறது. ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றி, பிறகு விமானப்படைக்கும் கடற்படைக்கும் உழைத்த விமானம் அது. விசாகப்பட்டினத்தில் கடற்கரைச் சாலையில் டியூ-142 நிற்கிறது, உள்ளே நடந்தே போகலாம். அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து வங்கக் கடலையும் இந்தியப் பெருங்கடலையும் காவல் காத்து, 2017 மார்ச்சில் ஓய்வுபெற்ற விமானம். அரக்கோணத்துக்காரர்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே அதன் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். இவற்றில் ஒன்றைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு தில்லிக்குப் போனால் இரட்டிப்பு லாபம்.

16. வந்த பிறகு ஆளைத் தேடுங்கள்.

நம் ஊர்களில் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற டெக்னீஷியன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வங்கி வாசலில் ஓய்வூதிய வரிசையிலும், காலை நடையிலும் அவர்களைப் பார்க்கலாம். அருங்காட்சியகத்தில் பார்த்ததை எழுதி வைத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். "போரில் எத்தனை விமானத்தைச் சுட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள், நாங்கள் சுட்டதில்லை. "எந்த விமானம் உங்களை ரொம்பப் பாடாய்ப் படுத்தியது?" என்று கேளுங்கள். ஒரு குறிப்பேட்டையும், ஒரு முழு மாலை நேரத்தையும் கொண்டுபோங்கள். அவர் வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது, சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.